அம்மா தலைய ஆட்டுனா புரிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல

கேள்வி: அம்மாவுக்கு 61 வயசு, சுகரும் பிரஷரும் இருக்கு. நாங்க கடலூர் முதுநகர். மாசாமாசம் பாண்டில ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. டாக்டர் வடக்கத்திக்காரர், தமிழ் அரைகுறை. இவங்க எல்லாத்துக்கும் தலைய ஆட்டி "சரிங்க ஐயா"ன்னுட்டு வந்துடுறாங்க. போன தடவ நிறுத்தச் சொன்ன மாத்திரைய ரெண்டு ரெண்டா போட்டிருக்காங்க. கேட்டுல நிக்கிற ஒருத்தர் 500 ரூபா குடுத்தா கூட வந்து ஹிந்தில பேசித் தரேன்றார். வெச்சுக்கலாமா?

பதில்: வேண்டாம்மா. நான் 26 வருஷம் ஆஸ்பத்திரில சோஷியல் ஒர்க்கரா இருந்தவ, அந்த மாதிரி ஆளுங்கள நிறைய பாத்துட்டேன், அவங்க கதைக்கு அப்புறம் வரேன், முதல்ல உங்க அம்மா.

உங்க அம்மா சொல்ற "சரிங்க ஐயா"வுக்கு புரிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல, நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு, உங்க மேல மரியாதை இருக்கு, அவ்வளவுதான். நாற்காலில உக்காந்திருக்கிற படிச்சவர்கிட்ட "புரியல, திரும்பச் சொல்லுங்க"ன்னா எதுத்துப் பேசுற மாதிரின்னு அந்தத் தலைமுறை நினைக்குது, அந்த டாக்டருக்கு அவங்க புள்ள வயசுதான் இருக்கும், அப்பவும் அப்படித்தான். தலைய ரெண்டு பக்கமும் லேசா ஆட்டுறது நமக்கு "ம், சொல்லுங்க". புதுசா வந்த டாக்டர் அதை ஒத்துக்கிட்டதா எடுத்துக்கிட்டு அடுத்த சீட்டக் கூப்பிட்டுடுவார், வெளிய அம்பது பேர் நிக்கிறாங்க. ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல, அதனால வீட்டுக்கு வந்ததும் அம்மாவத் திட்டாதீங்க, திட்டுனா அடுத்த தடவ உங்ககிட்டயும் "சரி"தான் சொல்லுவாங்க.

"புரிஞ்சுதா?"ன்னு யார் கேட்டாலும் பதில் ஆமான்னுதான் வரும், அந்தக் கேள்வியே வேண்டாம். அம்மாவுக்கு ஒரே ஒரு வாக்கியம் பழக்கி விடுங்க: "வீட்டுல பொண்ணு கேப்பா சார், நான் ஒரு தடவ சொல்றேன், சரியான்னு பாருங்க". அப்புறம் மாத்திரை அட்டைய ஒண்ணொண்ணா கையில எடுத்து இது காலைல, இது வேண்டாம்னீங்கன்னு அவங்களே சொல்லணும். டாக்டரக் கேள்வி கேட்ட மாதிரியும் இருக்காது, தப்பு இருந்தா அங்கயே தெரிஞ்சுடும். நர்சுங்களுக்கு இத பாடமாவே சொல்லித் தர்றாங்க, ஆனா ஓ.பி.ல ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கிடைக்கிறதே பெருசு. சீட்டுல 1-0-1னு இருந்தா காலைல ஒண்ணு, மத்தியானம் இல்ல, ராத்திரி ஒண்ணு.

அடுத்து நம்ம வார்த்தைங்க. நாம "எட்டு நாளா"ன்னா ஒரு வாரம், "நாலு நாளா"ன்னா சில நாள், அது மூணாவும் இருக்கலாம் ஆறாவும் இருக்கலாம், ஆனா டாக்டர் நாலுன்னே எழுதிக்குவார், டெங்கு மாதிரி காய்ச்சல்ல எத்தனாவது நாள்ன்றது ரொம்ப முக்கியம், அதனால "போன செவ்வாக்கெழமல இருந்து"ன்னு கிழமையச் சொல்லுங்க. அவங்க பக்கமும் இருக்கு, ஹிந்தில கல்ன்ற ஒரே வார்த்தை நேத்துக்கும் வரும் நாளைக்கும் வரும், தமிழ் கத்துக்கிற டாக்டர் அதை மாத்திச் சொல்லிட வாய்ப்பு இருக்கு, மறுபடி வர்ற நாள தேதியாவே எழுதி வாங்குங்க. "மயக்கம்"னு மட்டும் சொல்லாதீங்க, கிறுகிறுன்னு சுத்துச்சா, கீழ விழுந்தாங்களா, நினைவு தப்புச்சா, சாப்பிடாம இருந்தப்ப வந்துச்சா, ஒவ்வொண்ணும் வேற வேற. ரொம்ப ஆபத்தான வார்த்தை "வாய்வு". சுகர் இருக்கிறவங்களுக்கு, அதுலயும் பொம்பளைங்களுக்கு, நெஞ்சுவலியே இல்லாம ஹார்ட் அட்டாக் வரலாம், மூச்சு வாங்கும், வேர்த்துக் கொட்டும், மேல் வயிறு கனமா இருக்கும், நம்ம வீட்டுல அதுக்கு வாய்வுன்னு பேர் வெச்சு ஓமத்தண்ணி குடுத்துட்டு இருப்பாங்க.

இப்ப அந்த கேட்டு ஆள். அவன் "வாய்வு"ன்றத கேஸுன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவான், வேர்த்தது மூச்சு வாங்குனது எதுவும் டாக்டர் காதுக்குப் போகாது. அத விடுங்க, நீர்க்கடுப்பு, வெள்ளைப்படுதல், சிறுநீர் அடக்க முடியலன்றதெல்லாம் ஊர் பேர் தெரியாத ஆம்பளைய பக்கத்துல வெச்சுக்கிட்டு உங்க அம்மா வாயத் திறப்பாங்களா? நல்லா யோசிச்சுப் பாருங்க. நான் பாத்த ஆளுங்க அதோட நின்னதும் இல்ல, உள்ள ஸ்கேனுக்கு லேட்டாகும்னு வெளிய ஒரு சென்டருக்குக் கூட்டிட்டுப் போவாங்க, அங்க அவங்களுக்குக் கமிஷன், டோக்கன் போடுறேன்னு ஆதார் அட்டையும் போனுக்கு வர்ற ஓ.டி.பி.யும் கேப்பாங்க, குடுக்கவே குடுக்காதீங்க. எனக்கு வயிறு எரியுற விஷயமே வேற. நாலு ஸ்டேட்டு ஜனம் வர்ற ஊர்ல, காரைக்கால் தமிழும் மாஹே மலையாளமும் ஏனாம் தெலுங்கும் ஒரே ஆட்சில இருக்கிற ஊர்ல, நான் வேலை பாத்த இடத்துல கடைசி வரைக்கும் மொழிபெயர்க்கன்னு சம்பளத்துக்கு ஒரு ஆள் கிடையாது, வார்டு ஆயாம்மா கைல இருந்த தொடப்பத்த வெச்சுட்டு வந்து சொல்லணும். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரிச்ச நோயாளி உரிமைச் சாசனத்துல புரியுற மொழில விவரம் சொல்லணும்னு இருக்கு, அங்க அத பீரோவுக்குப் பின்னாடி ஒட்டி வெச்சிருந்தாங்க.

அம்மாவ கையெழுத்து போடச் சொன்னா மட்டும் உஷாரா இருங்க. டெஸ்ட்டுக்குன்னு வாங்குன சம்மதத்த வெச்சு ஆபரேஷன் பண்ணக் கூடாதுன்னு 2008லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்துன்ற அவசரம்னா வேற, அப்ப காத்திருக்காம பண்ணலாம். ஆனா அவசரம்னா நெஜமான அவசரம், இப்பவே செய்யலன்னா உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்ற நிலைமை, மறுபடி ஒரு தடவ மயக்க மருந்து குடுக்கிறது சிரமம், இப்பவே சேத்து முடிச்சிடலாம்ன்றது அதுல சேராது, இன்னிக்கு தியேட்டர் காலியா இருக்குன்றதும் சேராது, பொண்ணு வர நேரமாகும்ன்றதும் சேராது. நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் "பொண்ணு வந்து போடுவா"ன்னு சொல்ல அம்மாவுக்கு எல்லா உரிமையும் இருக்கு.

அடுத்த தடவ நீங்க போக முடியலன்னா, அம்மா உள்ள போறப்ப போன்ல இருங்க, ஸ்பீக்கர்ல போடலாமான்னு டாக்டர்கிட்டயே கேக்கச் சொல்லுங்க. அதுக்கும் முடியலன்னா அங்க இருக்கிற தமிழ் நர்ஸ் ஒருத்தர் பேர இந்த மாசமே கேட்டு வெச்சுக்கோங்க. எல்லா மாத்திரை அட்டையும், நிறுத்துனது உட்பட, ஒரே பையில போகணும், நிறுத்துனதுல பேனாவால பெருசா குறுக்குக் கோடு டாக்டர் கையாலயே போட்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க.