கேளுங்கள், சொல்கிறோம்: போட்டி ஜீப்புக்கு எதை முதலில் வாங்குவது?

கேள்வி: மூன்று கியர் கொண்ட பழைய சி.ஜே.3பி ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறேன். சேறு, பாறைப் போட்டிகளுக்குத் தயார் செய்ய ஆசை. 31 அங்குல டயர் செட் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கிவிடலாமா?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இப்போது வேண்டாம். டயர் அளவை முதல் நாளே முடிவு செய்யுங்கள். டயரைக் கடைசியில் வாங்குங்கள். வேலை முடிவதற்குள் ரப்பர் இறுகிவிடும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு. மலிவு செட்டுகளின் குட்டு பெரும்பாலும் அங்கேதான் உடைகிறது.

மற்ற கணக்கெல்லாம் டயர் அளவிலிருந்துதான் தொடங்குகிறது. இந்த ஜீப்பில் முதல் கியர் விகிதம் 2.798, டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) லோ 2.46, ஆக்ஸில் (சக்கரங்களைச் சுழற்றும் அச்சு) 5.38. மூன்றையும் பெருக்கினால் 37, அதாவது இன்ஜின் 37 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். ஏறக்குறைய 28 அங்குலமுள்ள பழைய டயரைக் கழற்றிவிட்டு 31 போட்டால், அந்த 37 ஏறத்தாழ 33 போலத்தான் வேலை செய்யும். பாறையில் மெதுவாக ஊர்ந்து ஏற வேண்டிய இடத்தில் கிளட்ச் கருகும்.

அடுத்தது ஆக்ஸில். கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடும்போது பலர் ஏமாறுவது இதில்தான். முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். விற்பவர் வாய்வார்த்தையை நம்பாமல் திறந்து பல்லை எண்ணுங்கள். கிரவுனில் (ஆக்ஸிலுக்குள் உள்ள பெரிய பல்சக்கரம்) 43, பினியனில் (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) 8 என்றால் 5.38, கிரவுனில் 39 என்றால் 4.88. இரண்டையும் கலந்து மாட்டினால், ஃபோர் வீல் போட்டதும் முன் சக்கரம் ஒரு வேகம், பின் சக்கரம் ஒரு வேகம் கேட்கும். இறுகிய தரையில் டயர் வழுக்கிக் கொடுக்காது. கிராஸோ (சுழல் தண்டின் மூட்டு) டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லோ போய்விடும். கிரவுனும் பினியனும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளையிட ஆரம்பித்துப் பல் உதிரும். பேக்லாஷ் (இரண்டின் பற்களுக்கும் இடையே உள்ள இடைவெளி) 0.13 முதல் 0.25 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்துச் 'சரி' என்பவரிடம் கொடுக்காதீர்கள். டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் முள் கருவி) வைத்துப் பார்ப்பவரைத் தேடுங்கள்.

ஆக்ஸில் பிரீதருக்கு (உள்ளே காற்று போய்வரும் சிறு துளை) ரப்பர் குழாய் மாட்டிப் பானெட் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். சூடான ஆக்ஸில் ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஆயில் பால் காபி நிறமாகிவிடும். சின்னச் செலவுதான், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி) வாங்க, ஆள், கருவி, எரிபொருளோடு சேர்த்த எடையை ஒன்றரையால் பெருக்குங்கள். 1,600 கிலோ வண்டிக்குக் குறைந்தபட்சம் 2,400 கிலோ. சேறு கவ்விப் பிடிக்கும் என்பதால் 9,500 பவுண்டு, அதாவது 4,300 கிலோ வின்ச்சே எங்கள் தேர்வு. அந்த இழுவை டிரம்மின் முதல் அடுக்குக்கு மட்டுமே. மேல் அடுக்குகளில் குறைந்துகொண்டே போகும். எனவே கயிற்றை நிறைய வெளியே விட்டு இழுங்கள். ஆனால் கம்பி வடமானால் 5 சுற்று, சிந்தெடிக் கயிறானால் 8 முதல் 10 சுற்று டிரம்மில் மிச்சம் இருக்கட்டும். ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் பயிற்சி செய்தால் கட்டக் கிடைப்பது பெரும்பாலும் சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். அகலப் பட்டையை மரத்தின் அடியில் சுற்றுங்கள். வடத்தை நேராகக் கட்டினால் கொடியும் மரப்பட்டையும் அறுந்துபோகும்.

கேள்வி: ரோல் கேஜுக்கு (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு) ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போதுமா?
- வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: போதாது. துத்தநாகப் பூச்சு வெல்டைக் கெடுக்கும், புகையும் நஞ்சு. எஃப்.ஐ.ஏ. (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) விதி கேட்பது தையலற்ற, குளிர்நிலையில் இழுத்த, கலப்பில்லாத கார்பன் ஸ்டீல். முதன்மை வளைவுக்கு (முன் இருக்கைகளுக்குப் பின்னால் நிற்பது) 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன், அல்லது 50-க்கு 2.0. மற்றவற்றுக்கு 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2.0. சேலத்தில் எளிதாகக் கிடைக்கிறதே என்று ஸ்டெயின்லெஸ் போட்டாலும் இந்த விதிக்குப் பொருந்தாது. கேஜின் கால்களை வண்டித் தகரத்தின் மேல் நேரடியாக நிறுத்தாமல், 3 மி.மீ. தகடு வைத்து நிறுத்துங்கள். குழாய் வாங்கும் முன் நீங்கள் சேரப்போகும் போட்டியின் விதிப்புத்தகத்தோடு அளவை ஒப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: முடிந்த வண்டியை மலைப்பாதையில் ஓட்டிச் செல்லலாமா?
- வாசகர், கோரிமேடு

பதில்: கூடாது. தயாரிப்பாளரின் மூல வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் லாரியில் ஏற்றியே கடத்துங்கள். நான்கு சக்கரங்களையும் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள்.