கிட்டானுக்கும் ஒரு தட்டுவடை செட்

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். நான்கரை வயது மகள் இரண்டு மாதமாகக் ‘கிட்டான்’ என்பவனோடு பேசுகிறாள். அப்படி யாருமே இல்லை. தட்டுவடை செட் வாங்கினால் அவனுக்கும் ஒன்று, அதுவும் காரச் சட்னி இல்லாமல். ஏற்காடு பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை. காத்து கருப்பு, மந்திரிக்க வேண்டும் என்கிறார் மாமியார். டாக்டரிடம் காட்டவா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். அமெரிக்காவில் உளவியலாளர் மார்ஜரி டெய்லர் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் 65 சதவீதக் குழந்தைகளுக்கு இப்படி ஒரு கற்பனைத் தோழன் இருந்திருக்கிறான். பெயர் வைத்து, ஆள்போல நடத்தும் பொம்மைகளையும் சேர்த்த கணக்கு இது. கிட்டான் நிஜமில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஒரு வாண்டிடம் அவன் தோழனைப் பற்றி நான் அக்கறையாக விசாரிக்க, “டாக்டர், அது சும்மா விளையாட்டுக்கு” என்று எனக்கே விளக்கம் சொன்னான்.

அந்தக் காரச் சட்னியைக் கவனித்தீர்களா? காரம் ஆகாதது கிட்டானுக்கா, அவளுக்கா? தன்னால் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் சில நேரம் தோழன் வாயால் சொல்வார்கள். “கிட்டானுக்கு மிஸ்ஸைக் கண்டால் பயம்” என்றால் சிரிக்காமல், ஏன் பயமாம் என்று கேளுங்கள்.

அதற்காக இரண்டு செட் வாங்க வேண்டியதில்லை. அவனுக்குக் காலித் தட்டு போதும். பஸ்ஸில் கூட்டம் ஏறினால் கிட்டான் மடியில் உட்காரட்டும். டம்ளரை அவன்தான் உடைத்தான் என்றால், “சரி, ரெண்டு பேரும் சேர்ந்து துடைங்க” என்று சொல்லுங்கள். பொய் சொல்கிறாள் என்று அடிக்காதீர்கள். “கிட்டான் சாப்பிட்டுட்டான், நீயும் சாப்பிடு” என்று நீங்களாக அவனை இழுக்கவும் வேண்டாம். கிட்டான் அவளுடைய ஆள்.

மாமியார் விபூதி பூசினால் பூசட்டும். ஆனால் குழந்தை காதுபடப் பேய் என்ற பேச்சே கூடாது. இல்லாத பயம் அப்போதுதான் வரும்.

தோழன் அவளைப் பயமுறுத்துகிறான், அடிக்கச் சொல்கிறான், வேண்டாம் என்றாலும் போகமாட்டேன் என்கிறான் என்று அவள் அழுதால் கதை வேறு. மற்ற பிள்ளைகளோடு சேருவதையே நிறுத்தினாலும், தூக்கம் கெட்டாலும், பேசிக்கொண்டிருந்த பேச்சு குறைந்தாலும் தள்ளிப்போடாமல் குழந்தைகள் நல மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். முதலில் போனில் கேட்க, அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416.