கலரா, கறுப்பு வெள்ளையா: எப்படி முடிவெடுப்பது?

கொழும்புப் புறக்கோட்டைச் சந்தைப் பகுதியில் எடுத்த படங்களைக் கலரிலேயே விடுவதா, கறுப்பு வெள்ளையாக்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். இரண்டாம் குறுக்குத் தெருச் சிவப்புப் பள்ளிவாசலின் கோடுகள் சாம்பலாகிவிட்டால் அது வேறு ஏதோ கட்டடம். மரக்கறிக் கடையும் அப்படித்தான்: சிவப்பும் பச்சையும் ஒரே அளவு வெளிச்சமாக இருந்தால், தக்காளியும் பச்சை மிளகாயும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொண்டு கிடக்கும் (சிவப்பை மட்டும் தனியாக வெளிச்சமாக்கிச் சமாளிக்கலாம், அதற்குத்தான் ரோ ஃபைலில், அதாவது கமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பில், எடுக்கச் சொல்கிறேன்).

ஆனால் உச்சி வெயிலில் மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளியின் கழுத்து நரம்பும் வியர்வை மினுக்கமும்தான் படம், பின்னால் தொங்கும் நீலப் பொலித்தீன் கண்ணைப் பறிக்கிறது என்றால், யோசிக்கவே வேண்டாம், கறுப்பு வெள்ளைதான். சரி, சுமாரான படத்தைக் காப்பாற்ற மட்டும் மாற்றாதீர்கள், நானும் நிறையச் செய்து பார்த்தேன், சுமாராகவே இருந்தது.