ஸ்டௌடிங்கர் பற்றிக் கேளுங்கள்: பதினைந்து நிமிடக் கேள்வி பதில்

ரப்பர், பிளாஸ்டிக் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை ஆராயும் பாலிமர் வேதியியலின் தொடக்கப்புள்ளியாகச் சொல்லப்படும் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டௌடிங்கர் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ரப்பர் நீளமான மூலக்கூறு என்பது பள்ளிப் பாடம். இதற்கு ஏன் நோபல் கொடுத்தார்கள்?

பதில்: இன்றைக்குப் பள்ளிப் பாடமாக இருப்பதுதான் அவருடைய வெற்றி. 1920-இல் அவர் சொன்னபோது பெரும்பாலான வேதியியலாளர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். ரப்பர் என்பது சிறுசிறு வளைய மூலக்கூறுகள், ஏதோ ஒரு பலவீனமான ஈர்ப்பால் கூடிக்கிடப்பது என்பது அவர்கள் எண்ணம். கடலைமிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள்: கடலைகள் தனித்தனி, பாகுதான் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்டௌடிங்கரோ பாகே கிடையாது, எல்லாமே சாதாரண வேதிப்பிணைப்பால் கோத்த ஒரே சங்கிலி என்றார். 1922-இல் அதற்கு 'மாக்ரோமூலக்கூறு' என்று பெயரும் வைத்தார்.

கேள்வி: சரி, அதை எப்படி நிரூபித்தார்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அந்தப் 'பாகு' ரப்பரில் உள்ள இரட்டைப் பிணைப்புகளிலிருந்து வருகிறது என்பதுதான் எதிர்த்தரப்பு வாதம். அப்படியானால் ஹைட்ரஜனை ஏற்றி இரட்டைப் பிணைப்புகளை இல்லாமல் செய்துவிட்டால் கடலைகள் உதிர வேண்டும், எளிதில் ஆவியாகும் சின்ன ஹைட்ரோகார்பன் கிடைக்க வேண்டும். செய்து பார்த்தார். உதிரவில்லை. ஹைட்ரஜன் ஏறிய ரப்பரும் பழைய ரப்பரைப் போலவே கரைசலில் கெட்டியான கூழ்மமாக நின்றது. எதிராளியின் கணக்கை எடுத்து, அதன் விடையை ஆய்வகத்தில் சரிபார்த்த சோதனை.

கேள்வி: பிறகும் ஏன் நம்பவில்லை?

பதில்: ஊடுகதிர்ப் படங்களில் படிகத்தின் அலகுக்கூடு, அதாவது திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டம், சிறியதாக இருந்தது, மூலக்கூறு அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்று பலர் நினைத்தார்கள். அது பிழை. ஒரு சங்கிலி பல கூடுகளின் வழியே போகலாம். வேதியியலாளர் ஹைன்ரிக் வீலாண்ட் கொடுத்த அறிவுரையை ஸ்டௌடிங்கரே பின்னாளில் எழுதியிருக்கிறார்: 5000-க்கு மேல் மூலக்கூறு எடையுள்ள கரிமச் சேர்மம் கிடையாது, ரப்பரை நன்றாகச் சுத்தம் செய்யுங்கள், படிகமாகிவிடும் என்பது அதன் சாரம். வீலாண்ட் லேசான ஆள் இல்லை, 1927-க்கான நோபல் பெற்றவர்.

கேள்வி: ஸ்டௌடிங்கர் எங்குமே தவறவில்லையா?

பதில்: தவறினார். சங்கிலிகள் விறைப்பான குச்சிகள் என்று பிடிவாதமாக நம்பினார், வேகாத சேமியா மாதிரி. உண்மையில் கரைசலில் அவை வெந்த சேமியாவாகச் சுருண்டு கிடக்கும். பாகுநிலையும் (கரைசல் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது) மூலக்கூறு எடையும் நேர் விகிதம் என்ற அவருடைய விதியையும் பின்னால் வந்தவர்கள் திருத்த வேண்டியிருந்தது. ஆனால் பாகுநிலையை அளந்தே மூலக்கூறு எடையை மதிப்பிடலாம் என்ற யோசனை நிலைத்தது. ரப்பரோ பிளாஸ்டிக்கோ செய்யும் ஆலைகளின் சோதனைக்கூடத்தில் இன்றும் பாகுநிலையை அளக்கும் கண்ணாடிக் குழாயைப் பார்க்கலாம்.

கேள்வி: மேடம், அரசியலில் சிக்கல் வந்ததாமே?

பதில்: ஆமாம். முதல் உலகப்போரில் விஷவாயுவைப் பயன்படுத்தியதைக் கண்டித்தார். அதனால் ஜெர்மனியின் விஷவாயு வேலையை முன்நின்று நடத்திய வேதியியலாளர் ஃப்ரிட்ஸ் ஹாபருடன் மோதல். நாஜிகள் வந்தபின் ஸ்டௌடிங்கர் வேலை பார்த்த ஃபிரைபுர்க் பல்கலையின் ரெக்டராக (தலைவராக) இருந்த தத்துவவாதி ஹைடெகர் அவரைப் பற்றிப் புகார் கொடுத்து, வேலையை விட்டே நீக்கச் சொன்னார். வேலை தப்பியது.

கேள்வி: நோபல் 1953-இல்தான். இவ்வளவு தாமதமா?

பதில்: அப்போது அவருக்கு வயது 72. அதற்குள் அமெரிக்க வேதியியலாளர் கரோத்தர்ஸ் உருவாக்கிய நைலான் என்ற பாலிமர் சந்தைக்கு வந்து, பெண்கள் காலுறையாகப் போட்டுக் கிழித்தும்விட்டார்கள்.

கேள்வி: அவருடைய தாக்கம், ஆய்வுக் கட்டுரைகள் அவரைக் காட்டும் மேற்கோள் எண்ணிக்கையில் தெரியுமா?

பதில்: பாதிகூடத் தெரியாது. 'பாலிமர் சங்கிலி' என்று எழுதும்போது யாரும் அவரை மேற்கோள் காட்டுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், பாலிமருக்குச் சம்பந்தமே இல்லாத 1919-ஆம் ஆண்டு வேலை ஒன்றுதான் இப்போது உயிரோட்டமாக இருக்கிறது. அசைடு என்ற நைட்ரஜன் சேர்மமும் பாஸ்பீன் என்ற பாஸ்பரஸ் சேர்மமும் சேரும் அந்த 'ஸ்டௌடிங்கர் வினை'யைத் திருத்தி, 2000-இல் அமெரிக்க வேதியியலாளர் கரோலின் பெர்டோசி செல்களின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைகளுக்கு அடையாளம் ஒட்டினார். அந்த வழியில் நடந்த பெர்டோசிக்கு 2022-இல் நோபல். ரப்பருக்காகச் சண்டை போட்ட மனிதரின் பெயரை இன்று உயிர்வேதியியல் மாணவர்கள்தான் அதிகம் உச்சரிக்கிறார்கள்.