ஜிடிபி (GDB, புரோகிராமில் பிழை தேட உதவும் டீபக்கர்): ‘செட் ஜி=4’ கொடுத்தும் ‘ஜி’ வேரியபிள் மாறவில்லை, ரன் செய்தால் பிழை

‘செட் வார் ஜி=4’ என்று கொடுங்கள், மாறிவிடும். ‘பிரிண்ட் ஜி=4’ என்றாலும் மாறும், புது மதிப்பையும் காட்டும்.

ஜிடிபியில் செட் இரண்டு வேலை பார்க்கிறது: உங்கள் புரோகிராமின் வேரியபிளையும் மாற்றும், ஜிடிபியின் சொந்த செட்டிங்கையும் மாற்றும். பெயர் மோதினால் செட்டிங்குக்கே முன்னுரிமை. ‘ஜி’ அங்கே க்னூடார்கெட் என்ற செட்டிங்கின் (புரோகிராம் கோப்பு எந்த வடிவம் என்று சொல்வது) சுருக்கம். அதற்குப் போய் ‘=4’ என்ற மதிப்பு உட்கார்ந்துவிட்டது. ரன் கொடுத்ததும் ‘இன்வேலிட் பிஎஃப்டி டார்கெட்’ (செல்லாத கோப்பு வடிவம்) என்ற பிழை வந்தது அதனால்தான்.

‘ஷோ ஜி’ அடித்துப் பாருங்கள். ‘=4’ என்று காட்டினால் சந்தேகமே இல்லை. ‘செட் க்னூடார்கெட் ஆட்டோ’ கொடுத்து அதைப் பழையபடி ஆக்கிவிட்டு ரன் செய்யுங்கள்.

விட்த்தும் (திரை அகலம்) ஒரு செட்டிங்தான்; ஆனால் ‘செட் விட்த்=47’ என்று அடித்தால் பிழை என்று உடனே சொல்லிவிடும். ‘ஜி’ விஷயத்தில் ஒரு வார்த்தை வராது. இது மோசமான நடத்தை. இரண்டு அர்த்தம் வரும் இடத்தில் டீபக்கர் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஒரே பெயரில் பல ஃபங்ஷன் இருந்து, ‘செட் மல்டிபிள்-சிம்பல்ஸ் ஆஸ்க்’ என்று வைத்திருந்தால், பிரேக்பாயிண்ட் (புரோகிராம் நிற்க வேண்டிய இடம்) போடும்போது இதே ஜிடிபி மெனு காட்டி எது வேண்டும் என்று கேட்கிறதே!

ஒன்று கவனம்: திரும்ப ரன் கொடுத்தால் வேரியபிள் பழைய மதிப்பிலிருந்தே தொடங்கும். மெயினில் பிரேக்பாயிண்ட் வைத்து, நின்றபிறகு மாற்றுங்கள். ஆப்டிமைசேஷன் (கோடை வேகமாக்கும் வசதி) போட்டு கம்பைல் செய்திருந்தால் மாற்றிய மதிப்பைக் கோட் கண்டுகொள்ளாமலும் போகலாம்.