காலுக்கு ரத்தம் போதாதபோது: கேள்வி பதில்

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறோம். அப்பாவின் மருத்துவமனை அறிக்கையில் வலது காலைக் குறித்து 'மிண்டர்டுர்ஷ்ப்ளூட்டுங்' என்று எழுதியிருக்கிறார்கள். இது என்ன நோய்?

பதில்: இது நோயின் பெயர் அன்று. காலுக்குத் தேவையான ரத்தம் போய்ச் சேரவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அதே அறிக்கையில் 'பே-ஆ-ஃபௌ-கா' (pAVK) என்ற நான்கெழுத்துச் சுருக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கால் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து பாதை குறுகிவிட்டது என்று பொருள். அப்பா புகைப்பவரானால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இதற்கு ஈடான மாத்திரை எதுவும் இல்லை.

கேள்வி: சற்று நடந்தாலே கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. வயதானால் இப்படித்தானே?

பதில்: வயதின் மேல் பழியைப் போட்டுத்தான் பலர் காலதாமதம் செய்கிறார்கள். நடக்கும் தசைக்கு ரத்தம் அதிகம் வேண்டும். குறுகிய தமனியால் தர முடிவதில்லை. நின்றதும் தேவை குறைவதால் வலியும் அடங்குகிறது. கடைக் கண்ணாடிகளை வேடிக்கை பார்ப்பதுபோல் அடிக்கடி நிற்க நேர்வதால், ஜெர்மானியர் இதைக் 'கடை ஜன்னல் நோய்' என்றே அழைக்கிறார்கள்.

வலியில்லாமல் 200 மீட்டருக்கு மேல் நடக்க முடிகிறதா என்பதை மருத்துவர் கட்டாயம் கேட்பார். இந்நோயின் தீவிரத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் ஃபோன்டேன் வகைப்பாட்டில் இரண்டாம் நிலையை இந்தத் தூரம்தான் இரண்டாகப் பிரிக்கிறது. படுத்திருக்கும்போதே வலித்தால் மூன்றாம் நிலை. புண்ணோ திசு அழுகலோ வந்தால் நான்காம் நிலை.

கேள்வி: அப்படியானால் நடையைக் குறைக்கட்டுமா?

பதில்: இரண்டாம் நிலையில் நடைதான் மருந்து. வலி நன்றாக ஏறும்வரை நடந்து, நின்று, அடங்கியதும் மறுபடி நடக்க வேண்டும். வாரத்தில் 3 நாளாவது, குறைந்தது 3 மாதங்கள். ஓய்விலும் வலிப்பவர்களுக்கும் காலில் புண் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

கேள்வி: எனக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை. கால் தமனி குறுகியிருக்கிறதா என்று பார்க்க அளக்கும் கணுக்கால்–கை ரத்த அழுத்த விகிதம் 1.4க்கு மேல் வந்தது. 0.9க்குக் கீழேதானே ஆபத்து?

பதில்: நிம்மதி அடையாதீர்கள், ஐயா. சர்க்கரை நோயில் தமனிச் சுவர் சுண்ணாம்பேறி விறைத்துவிடும். கருவியின் பட்டையால் அதை நசுக்க முடியாததால் எண் பொய்யாக உயர்கிறது. கால்விரலில் அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சில்லிட்ட பாதத்துக்கு வெந்நீர்ப் பை வைக்கலாமா?

பதில்: வேண்டாம். உணர்வு குறைந்த பாதம் வெந்துபோவது தெரியாது. கம்பளிக் காலுறை போதும்.

கேள்வி: எப்போது 112ஐ அழைப்பது?

பதில்: ஒரு கால் திடீரெனக் கடுமையாக வலித்து, வெளுத்து, குளிர்ந்து, மரத்துப்போனால் உடனே. தசை சுமார் 6 மணி நேரம்தான் தாங்கும். காலைத் தூக்கி வைக்காதீர்கள், தாழ்த்தியே வையுங்கள்.