1260 என்று அச்சிட்டிருந்தால் போதுமா?

கேள்வி: ஓசூர் சிப்காட் பக்கம் சின்னதாக ஹீட் ட்ரீட்மென்ட் (உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும்) ஷெட் நடத்துகிறேன். போன வருஷம் ஃபர்னஸ் கூரைக்கு மலிவாகக் கிடைத்த செராமிக் பிளாங்கெட்டை (சூடு வெளியேறாமல் தடுக்கும் இழை மெத்தை) போட்டேன். எட்டே மாதத்தில், அதைக் கூரையில் பிடித்திருக்கும் ஆங்கர் பின் உள்ள இடமெல்லாம் கிழிந்து தொங்குகிறது. உறையில் 1260 டிகிரி என்றுதான் இருந்தது. நான் ஓட்டுவது 900 டிகிரி. இந்த முறை எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: 1260 என்பது சூட்டுக்கான எண். இழுத்தால் தாங்குமா என்பது தயாரித்த விதத்தில்தான் இருக்கிறது.

அலுமினாவையும் சிலிக்காவையும் மின்உலையில் உருக்கி, அந்தக் குழம்பை இரண்டு விதமாக இழையாக்குகிறார்கள். ஒன்று ஸ்பன்: வேகமாகச் சுழலும் சக்கரங்களின் மேல் குழம்பை விழவைத்து, பஞ்சு மிட்டாய் போல இழை பறக்கவிடுவது. இழை நீளமாக, சற்றுத் தடிமனாக வரும். இன்னொன்று புளோன்: காற்றைப் பீய்ச்சி ஊதுவது. இழை மெல்லியதாக, குட்டையாக வரும். பிறகு முள் வைத்த ஊசிகளால் குத்தி இழைகளைப் பின்னவைக்கிறார்கள். நீள இழைதான் நன்றாகப் பின்னிக்கொள்ளும். புளோன் மட்டமான சரக்கு அல்ல. சந்து அடைக்கவும் போர்டு செய்யவும் நல்லது. ஆனால் தன் எடையைத் தானே சுமந்து ஆங்கர் பின்னில் தொங்க வேண்டிய கூரைக்கு ஸ்பன்தான் வாங்க வேண்டும். பில்லிலும் அப்படியே எழுதி வாங்குங்கள்.

கடையிலேயே ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். பரோட்டா மாதிரி ஏடு ஏடாக வந்தால் ஊசி வேலை சரியில்லை. கையுறையோடு ஒரு துணுக்கைத் தேய்த்தால் ரவை போல நெருடுகிறதா? அது இழையாகாமல் உருண்டுபோன ஷாட். எடையைக் கூட்டும், சூட்டைத் தடுக்க உதவாது, பலமும் தராது. 25 மி.மீ. தடிமன், 610 மி.மீ. அகலம், 7.62 மீட்டர் நீளமுள்ள 128 டென்சிட்டி (கன மீட்டருக்கு 128 கிலோ) ரோல் ஏறக்குறைய 15 கிலோ இருக்க வேண்டும். 11 கிலோ என்றால் உங்களுக்குத் தந்திருப்பது 96 டென்சிட்டி. ஷாட் நிறைய இருந்தாலும் தராசு சரியாகவே காட்டும் என்பதால் எடையை மட்டும் நம்ப வேண்டாம். இழுத்தால் தாங்கும் பலம், ஷாட் அளவு இரண்டும் உள்ள டெஸ்ட் சர்டிஃபிகேட்டைக் கேளுங்கள்.

நல்ல பிளாங்கெட்டும் அதிகச் சூட்டில் நாள்பட நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதனால் பழசைப் பிரிக்கும்போது தூசி பறக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த இழையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று 2பி பிரிவில் வைத்திருக்கிறது. உலை நன்றாக ஆறிய பிறகு, தண்ணீர் தெளித்துப் பிரியுங்கள். வேலை செய்யும் பையன்களுக்கும் தூசி மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். முகத்தில் துண்டு கட்டினால் போதாது.